மழைக்கோட்டுப் பூபதிக்குக் கை வந்த கதை

ஈரக் காகிதத்தை மெல்லக் கிழிப்பதுபோல் தொடங்கி, மின்சாரம் போனதும் அச்சு எந்திரம் தடதடத்து நிற்பதுபோல் முடிந்த ஒரு சிரிப்புச் சத்தம் ஞானசௌந்தரியின் காதில் விழுந்து நாற்பத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்போது அவளுக்கு இருபத்து நான்கு வயது. சிவகாசியில் தகரக் கூரை போட்ட ஓர் அச்சகத்தின் மாடியில் உட்கார்ந்து, துப்பறியும் பூபதி என்ற சித்திரக்கதையின் முதல் புத்தகத்துக்குப் படம் போட்டு முடித்து, பதினோரு பக்கங்களையும் கொண்டுபோய் முதலாளியின் மேசையில் வைத்தாள். முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "கையா தாயி இது? நான் வாழைச்சீப்புல்ல நெனச்சேன்" என்றார். சிரித்தார். மெஷின்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார், அவரும் சிரித்தார், கீழே பைண்டிங் பெண்களிடமும் சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது, சிரிப்பு படிக்கட்டில் ஒவ்வொரு படியாக ஏறி மாடிக்கு வந்தது.

அன்று பிற்பகலே ஞானசௌந்தரி ஒரு கிண்ணம் வெள்ளைச் சாயத்தைக் குழைத்துவைத்துக்கொண்டு பதினோரு பக்கத்திலும் பூபதியின் கைகளையும் உடுப்பையும் கழுத்திலிருந்து முழங்கால்வரை மூடினாள், மூடிய இடத்தில் சாயம் காய்ந்ததும் ஒரு மழைக்கோட்டு வரைந்தாள், மழைக்கோட்டுக்கு இரண்டு பை வைத்தாள், கைகள் பைக்குள் இருக்கின்றன என்று உலகத்துக்குச் சொன்னாள். வருஷத்தில் பத்து நாள் மழை பெய்தால் பெரிய காரியம் என்கிற ஊரில் மழைக்கோட்டை யாரும் பார்த்ததில்லை, அவளும் பார்த்ததில்லை, ஒரு ஜவுளி மில் காலண்டரில் இருந்த வெள்ளைக்காரனைப் பார்த்துப் போட்டாள்.

அதற்குப்பின் நாற்பது புத்தகங்கள் வந்தன, நாற்பதிலும் பூபதி பையிலிருந்து கையை எடுக்கவில்லை. கதவைத் தோளால் திறந்தார். கடிதத்தை மேசைமேல் கிடக்கவைத்துக் குனிந்து படித்தார். துப்பாக்கியைப் பைக்குள்ளிருந்தே நீட்டினார். ஓடுகிற திருடனைக் காலை நீட்டி விழவைத்தார். கை செய்ய வேண்டிய வேலையையெல்லாம் கண்ணும் நிழலும் தொப்பியின் சரிவும் செய்யவேண்டியிருந்தது, அப்படிச் செய்து செய்து அந்தப் படங்களுக்கு ஒரு தனி நடை வந்துவிட்டது. மாவட்டம் முழுக்கப் பையன்கள் டவுசர் பையில் கையை விட்டுக்கொண்டு திரிந்தார்கள். படம் போட்டவர் பெயரைப் போடும் வழக்கம் அந்தப் புத்தகங்களில் இல்லாததால் யாரைத் திட்டுவது என்று பெற்றவர்களுக்குத் தெரியவில்லை.

பிறகு புத்தகம் நின்றது, அச்சகம் காலண்டருக்கு மாறியது, அசல் படங்கள் அத்தனையும் பழைய காகிதத்தோடு காகிதமாகப் பட்டாசுக் குழாய் சுருட்டப் போய்விட்டன. முதல் புத்தகத்தின் பதினோரு பக்கங்கள் மட்டும் திரும்பி வந்தன. வெள்ளைச் சாயம் அப்பிக் கிடந்ததால் குழாய்க்கு மடங்க மறுக்கின்றன என்று சுருட்டுகிற பெண்கள் தூக்கிப்போட்டார்களாம். ஞானசௌந்தரி அவற்றைத் தகரப் பெட்டியில் வைத்தாள், அதே அச்சகத்தில் தினசரிக் காலண்டருக்குப் பிழை திருத்தினாள், வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து ராகு காலம் பார்த்தாள், கல்யாணம் வேண்டாம் என்றாள், அண்ணனோடு இருந்தாள், அண்ணன் இறந்தபின் தனியே இருந்தாள், அறுபத்தேழு வயதானாள்.

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை, பெட்டிக்குள் காகிதம் தின்னும் ராமபாணப் பூச்சி போவதைப் பார்த்து, பதினோரு பக்கங்களையும் மொட்டைமாடிக் கொடியில் கிளிப் மாட்டி வெயிலில் காயப்போட்டாள். பதினோரு மணிக்குள், பதினோராம் பக்கத்தில் முழு உருவமாக நிற்கும் பூபதி தெருமுனையில் தங்கமாரியின் டீக்கடையில் வந்து நின்றார்.

கறுப்பும் வெள்ளையுமாக நின்றார். தொப்பியிலிருந்து விழுந்த நிழல் கோடு கோடாக இருந்தது. வாயைத் திறக்காமலே அவர் தலைக்கு மேல் ஒரு முட்டை வடிவக் காகிதம் ஒட்டிக்கொண்டது, அதில், "வணக்கம் நண்பரே, ஒரு கோப்பைத் தேநீர் கிடைக்குமா?" என்று அழகான எழுத்தில் இருந்தது.

தங்கமாரி அதை ஒருமுறை படித்தார். வெளியூர் ஆள் என்று தெரிந்தது. டீயை ஆற்றி நீட்டினார். ஆள் கையை எடுக்கவில்லை.

"புடிங்க அண்ணாச்சி, சுடுது."

"மன்னிக்கவும். எனக்குக் கைகள் இல்லை. பைகள் மட்டுமே உள்ளன."

முதல் காகிதம் உதிர்ந்து விழுந்து இரண்டாம் காகிதம் ஒட்டிக்கொண்டது. மைதா பசை வாசனை வந்தது. தங்கமாரி வியாபாரி, காலை நேரம், நாலு பேர் நிற்கிறார்கள். டம்ளரை ஊதி ஆற்றி அவர் வாயில் வைத்துப் புகட்டினார், கீழே கிடந்த காகிதத்தைத் தட்டி எடுத்து அடுத்த ஆளுக்கு வடை மடித்துக் கொடுத்தார். அந்த ஊர் பூபதியை ஏற்றுக்கொண்டதற்கு இதற்குமேல் சடங்கு எதுவும் நடக்கவில்லை.

படம் கொடியிலும் இருந்தது, ஆள் தெருவிலும் இருந்தார், கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை இருப்பதாலேயே வீட்டில் மாப்பிள்ளை இல்லாமல் போய்விடுகிறாரா என்று எல்லோரும் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஒருநாள் மேகம் கூடியதென்று ஞானசௌந்தரி பக்கங்களைச் சுருட்டி உள்ளே வைத்தபோது, சலூன்கடை அழகுமலையோடு பேசிக்கொண்டிருந்த பூபதி பாதி வாக்கியத்தில் காணாமல்போனார், மேகம் கலைந்து பக்கங்களைத் திரும்ப மாட்டியதும் மீதி வாக்கியத்தோடு வந்தார். அதிலிருந்து மழை வந்தாலும் நனையாத இடத்தில் பக்கங்கள் இருக்கட்டும் என்று தங்கமாரி தன் கடைக்குள்ளேயே குறுக்கே ஒரு கயிறு கட்டிக்கொடுத்தார்.

பூபதி நடந்து யாரும் பார்த்ததில்லை. டீக்கடையில் நிற்பார், அடுத்தாற்போல் பஸ் ஸ்டாண்டில் நிற்பார், நடுவில் எங்கும் இருக்கமாட்டார். டவுன் பஸ் கண்டக்டர் இவர் பஸ்ஸில் ஏறினாரா ஏறவில்லையா என்று புரியாமல் ஒரு வாரம் டிக்கெட் கிழித்துக் கிழித்துப் பார்த்து, கடைசியில் ஆளை விட்டுவிட்டார். ரேஷன் அட்டைக்கு எழுதிப்போட வார்டு கவுன்சிலர் கற்பகக்கனி நேரில் வந்தாள். "அப்பா பேரு?" என்றாள். எல்லோரும் ஞானசௌந்தரியைப் பார்த்தார்கள். ஞானசௌந்தரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி, அத அப்புறம் பாப்போம்" என்று கற்பகக்கனி தாளைத் திருப்பினாள். "ரேகை வைக்கணும்." பூபதி பைகளைக் குனிந்து பார்த்தார். அந்தத் தாள் அப்படியே நின்றுபோனது.

டீக்கடைக் கயிற்றில் பதினோரு பக்கங்களும் தொங்கத் தொங்க, டீ குடிக்க வந்தவர்கள் கழுத்தைச் சாய்த்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். அச்சான புத்தகத்தைப்போல் இரண்டு மடங்கு பெரிதாக இருந்தன அசல் படங்கள். அச்சில் மறைந்துபோகிற நீலப் பென்சில் கோடுகள் இவற்றில் தெரிந்தன, ஒரு கோட்டைப் போடுமுன் அவள் எத்தனை தடவை யோசித்தாள் என்பது தெரிந்தது, ஓரத்தில் "மெஷினுக்கு: கறுப்பைக் குறைக்காதே" என்று கெஞ்சியிருந்தது தெரிந்தது. அழகுமலைக்கு வாடிக்கை குறைவு, நேரம் அதிகம். கையில் சீப்போடு வந்து நின்றே அவர் பெரிய ரசிகராகிவிட்டார்.

"நாலாம் பக்கத்தப் பாருங்க. ஆறு கட்டம். மொதக் கட்டத்துல விளக்கு எம்புட்டு உசரம், ஆறாவதுல எம்புட்டு உசரம். ஒரு வார்த்த இல்ல. ஆனா நமக்கு இங்க குளுருதா இல்லியா?"

"எனக்கு வேர்க்குது" என்றார் பாய்லர் பக்கத்தில் நின்ற தங்கமாரி.

ஆறாம் பக்கத்தில்தான் ஊர் இரண்டானது. அதில் மூன்றாம் கட்டத்தில் மேசைமேல் ஒரு டம்ளர் நிறையப் பால் இருக்கிறது, பக்கத்தில் விஷம் வைக்க வந்த டாக்டர் நிற்கிறார், ஜன்னலில் பூனை. நாலாம் கட்டத்தில் டம்ளர் காலி, டாக்டர் வாயைத் துடைக்கிறார், பூனை மூக்கை நக்குகிறது. பாலைக் குடித்தது யார்? இரண்டு கட்டத்துக்கும் நடுவே விரற்கடை அகலத்துக்கு வெறும் வெள்ளை. எல்லாம் அந்த வெள்ளையில்தான் நடந்திருக்கிறது என்று அழகுமலை சொன்னார். பூனை என்று ஒரு கட்சி சேர்ந்தது, டாக்டர் என்று ஒரு கட்சி சேர்ந்தது. சம்பந்தி வீடுகள் பேசாமல்போயின. ஒரு ரிட்டயர்டு தபால்காரர் லென்சைக் கொண்டுவந்து பூனையின் மீசையில் பால் சொட்டு இருக்கிறதா என்று பார்த்து, அது பேனா சிந்திய மை என்று அறிவித்தார், அவரையும் டாக்டர் கட்சி என்று ஒதுக்கினார்கள்.

ஞானசௌந்தரியையே கேட்டார்கள்.

"எனக்கெப்படித் தெரியும்?" என்றாள் அவள். "நான் அடுத்த கட்டத்துக்குப் போயிட்டேன்."

பூபதியைக் கேட்டார்கள். "துப்புத் துலங்கும்வரை எவரையும் நான் சந்தேகிப்பேன், நண்பர்களே. உங்களையும்கூட" என்றது காகிதம். இரண்டு கட்சியும் அதைத் தங்களுக்குச் சாதகமான தீர்ப்பாக எடுத்துக்கொண்டன.

சாயங்காலங்களில் பூபதி ஞானசௌந்தரியின் வீட்டில், அண்ணனின் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். அவள் தயிர்சோற்றைப் பிசைந்து ஸ்பூனால் ஊட்டினாள். "இன்று தயிர் சற்றே புளிப்பு, அம்மணி" என்று காகிதம் ஒட்டினால், "ஆமா, நேத்தையது, சும்மா சாப்பிடும்" என்பாள். வருகிற வருஷத்துக் காலண்டர் புரூஃபை எதிரே விரித்துவைத்தால், ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமையில் ராகு காலமும் எமகண்டமும் இடம் மாறியிருந்ததைத் தொப்பி நிழலுக்குள்ளிருந்தே கண்டுபிடித்தார். அவளுடைய வீட்டில் அண்ணன் போன ஆறு வருஷமாக விளக்குப் போடுகிற சத்தத்துக்கு அப்புறம் வேறு சத்தம் கிடையாது. பூபதியும் சத்தம் போடுகிற ஆள் இல்லைதான், ஆனால் பேச்சு மொடமொடத்து உதிர்ந்து விழும், காலையில் பெருக்கும்போது ஒரு முறம் இருக்கும், அதை அள்ளிக் கொட்டாமல் அவள் ஒரு டப்பாவில் போட்டுவைத்தாள்.

மற்ற வேளைக்கு ஊட்டுவதற்குத் தெரு முறை வைத்திருந்தது. காலை இட்லி இன்ன வீடு, மத்தியானம் இன்ன வீடு. முதல் வாரம் ஆளுக்கு ஆள் போட்டிபோட்டார்கள், நெய் ஊற்றினார்கள், மீன்முள் எடுத்து ஊட்டினார்கள். இரண்டாம் வாரம், போன வீட்டில் நெய் ஊற்றினதை இந்த வீட்டில் போய்ச் சொன்னார் என்று சண்டை வந்தது. மூன்றாம் வாரம், என் புருஷனுக்கே நான் ஊட்டினதில்லை என்று ஒருத்தி கரண்டியைப் போட்டாள். பூபதிக்கு மூக்கு அரித்தால் சொறிந்துவிடவும் ஆள் வேண்டியிருந்தது. அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் வேறு வந்துகொண்டிருந்தது. கொடி ஏறிவிட்டால் வீடு வீடாக விருந்தாளி, யார் யாருக்கு ஊட்டுவது.

டீக்கடை வாசலில் தெருக்கூட்டம் போட்டார்கள். கற்பகக்கனி எழுந்தாள். அவள் நியாயமான பெண், சொல்லுகிறதைச் சுற்றிவளைக்காமல் சொல்லுவாள்.

"ஞானக்கா, தப்பா எடுக்காதீங்க. ஒரு ஆளப் படைச்சு விட்டா முழுசாப் படைக்கணும். கைய மட்டும் தெருவப் பாத்துக்கச் சொல்லக்கூடாது. கொடியேத்தத்துக்கு எட்டு நாள் இருக்கு. அதுக்குள்ள அவருக்குக் கை வரைஞ்சு குடுங்க. முடியலன்னா பக்கத்தச் சுருட்டிப் பெட்டியில வெச்சுப் பூட்டிருங்க. அவரும் நிம்மதியா உள்ள இருப்பாரு, நாங்களும் பொங்கலக் கும்பிடுவோம்."

கை தட்டினார்கள். பூபதி தட்டவில்லை. "முடிவு நியாயமானதே" என்று அவர் தலைக்குமேல் ஒட்டியது. ஞானசௌந்தரி அந்தக் காகிதம் உதிரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டு நாளில் அவள் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் முழுவதும் கை வரைந்தாள். ஒன்று தவளைபோல் வந்தது, ஒன்று முள்கரண்டிபோல் வந்தது, ஒன்று நன்றாக வருகிறதென்று நினைத்தபோது காதில் அந்தச் சிரிப்பு கேட்டது, பேனா நின்றது. மாதிரிக்கு ஒரு கை தேடி அவள் கிளம்பினாள் என்று தெரிந்ததும் ஊரே கையைக் கழுவிக்கொண்டு வாசலில் நின்றது. பட்டாசு ஆலைப் பெண்கள் அலுமினியத்தூளில் வெள்ளியாய் மின்னும் கைகளை நீட்டினார்கள். கட்டிங் மெஷின்காரர் தன் ஏழரை விரல்களை நீட்டி, "வேல மிச்சம்க்கா" என்றார். பால் பிரச்சினையில் பூனைக் கட்சிக்காரர்கள், டாக்டர் கட்சிக் கையை வரைந்தால் ஒத்துக்கொள்ளமாட்டோம் என்று சொல்லியனுப்பினார்கள். அவள் எல்லாக் கைகளையும் பார்த்தாள், கும்பிட்டாள், திரும்பி வந்தாள். ஒன்றையும் வரையமுடியவில்லை.

"கவலற்க, அம்மணி. பெட்டிக்குள் நான் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தவன்தானே" என்றது அன்றைய காகிதம்.

"நீரு வாழ்ந்தீரு" என்றாள் அவள். ஸ்பூனைக் கழுவ எழுந்துபோனாள்.

கொடியேற்றத்தன்று காலை பதினோராம் பக்கத்தைச் சுருட்டுவதற்காக அவள் டீக்கடைக்கு வந்தாள். கூட்டம் இருந்தது. பூபதி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், தங்கமாரி கடைசி டீயை அவருக்குப் புகட்டிக்கொண்டிருந்தார், சர்க்கரையைத் தாராளமாகப் போட்டிருந்தார். அவள் கிளிப்பை எடுத்துப் பக்கத்தைக் கையில் உயர்த்தியபோது வாசலிலிருந்து வந்த வெயில் காகிதத்தின் பின்னால் விழுந்தது.

"யக்கா, அப்படியே புடிங்க" என்றார் அழகுமலை.

ரசிகர் சீப்பைக் காதில் செருகிக்கொண்டு கிட்டே வந்தார். "பைக்குக் கீழ என்னமோ இருக்கு. வெள்ளச் சாயத்துக்கு உள்ள. விரலு."

எல்லோரும் பார்த்தார்கள். வெயிலில், வெள்ளைக்கு அடியில், பத்து விரல்கள் மங்கலாக நின்றன.

ஞானசௌந்தரி பக்கத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "அது வேணாம்" என்றாள். "அது நல்லா இருக்காது. அதப் பாத்துச் சிரிச்சாங்க."

"யாரு?"

"முதலாளி."

"அவரு செத்து இருபது வருஷமாச்சே" என்றார் தங்கமாரி.

அவள் பூபதியைப் பார்த்தாள். பெஞ்சில் இருந்தவர் தொப்பியைக்கூடச் சரிசெய்துகொள்ள வழியில்லாமல் இருந்தார்; அது ஒரு கண்ணை மறைத்துச் சரிந்திருந்தது. அவர் கேட்கமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் பக்கத்தை மேசைமேல் விரித்து, ஓரங்களில் நாலு டம்ளர் வைத்தாள்.

"அழகுமல, சவரக்கத்தியக் குடு" என்றாள்.

நாற்பத்து மூன்று வருஷத்துச் சாயத்தை அவள் செதில் செதிலாகச் சுரண்டினாள். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் காகிதம் கிழியும், காகிதம் கிழிந்தால் பெஞ்சில் இருக்கிறவருக்கு என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், பூபதி மட்டும் கூச்சத்தில் நெளிந்துகொண்டிருந்தார். அவர் தலைக்குமேல் "ஹிஹி", "ஹிஹி" என்று சின்னச் சின்னக் காகிதமாக ஒட்டி ஒட்டி உதிர்ந்தது. "சும்மா இரும், கத்தி வழுக்கும்" என்று அவள் அதட்டினாள். பாய்லரில் தண்ணீர் கொதித்து அடங்கிற்று. கடைசிச் செதில் போனது. பூபதி எழுந்து நின்றார், எல்லோரையும் ஒருமுறை பார்த்தார், பைகளிலிருந்து கைகளை எடுத்தார், அல்லது பைகள் இருந்த இடத்திலிருந்து கைகள் வந்தன.

முதலாளி சொன்னது பொய்யில்லை. கனத்து, மஞ்சளாக இல்லாத குறை ஒன்றுதான். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. விரல்களை அவர் மடக்கினார், மடங்கின. பிரித்தார், பிரிந்தன.

அழகுமலைதான் பார்த்தார். அவர் பார்க்காமல் எதுவும் தப்பாது.

"யக்கா. ரெண்டும் எடது கை."

ஆமாம். வலப்பக்கக் கையில் கட்டைவிரல் போகக்கூடாத பக்கம் போயிருந்தது. முதலாளிகூட இதைக் கவனித்திருக்கவில்லை. ஞானசௌந்தரி தலையில் கையை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டத்துக்கு இது பெரிய விஷயமாகிவிட்டது. இடது கையால் காசு கொடுத்தால் யார் வாங்குவது. இடது கையை நீட்டினால் பூசாரி திருநீறு போடுவாரா. மொய் எழுத வந்தால். பந்தியில் உட்கார்ந்தால், பக்கத்து இலைக்காரன் என்ன நினைப்பான். சாப்பிடுகிற இடது கை எது, மற்ற காரியத்துக்கு இடது கை எது என்று யார் எல்லை கட்டுவது. பூனைக் கட்சிக்காரர் ஒருவர் வலப்பக்கத்து இடது கையை மஞ்சள்நீரில் முக்கி எடுத்தால் போதும் என்றார், டாக்டர் கட்சிக்காரர் ஒருவர் அதற்கு மறுத்துப் பேசினார், வலது கைக்கு வந்த பேச்சு மறுபடி பாலுக்குப் போனது.

"நிறுத்துங்கப்பா" என்றாள் கற்பகக்கனி. "வலப்பக்கம் தொங்குறது எதுவோ அதுதான் வலது கை. இதுக்கு மேல யாரு பேசினாலும் அவுக வீட்டுலதான் இவருக்குச் சாப்பாடு."

அத்தோடு தீர்ந்தது.

இத்தனை பேச்சிலும் பூபதிக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கை வந்ததும் அவர் முதலில் டீ டம்ளரை எடுப்பார் என்று தங்கமாரி எதிர்பார்த்து நீட்டிக்கொண்டே நின்றார். ரேகை வைப்பார் என்று கற்பகக்கனி மை டப்பாவைத் திறந்தே வைத்திருந்தாள். பூபதி தொப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார். அவருக்குமேல் ஒரு காகிதம் ஒட்டியது: "மன்னிக்கவும் நண்பர்களே. இந்த ஊரில் வெக்கை தாங்கவில்லை."

மழைக்கோட்டின் பித்தான்களை அந்த இரண்டு கையாலும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஆறு பித்தான். கழுத்துப் பித்தான் கொஞ்சம் படுத்தியது. பங்குனி வெயிலில், நாற்பத்து மூன்று வருஷத்துக்கு அப்புறம், அவர் மழைக்கோட்டை உதறிக் கீழே போட்டார்.

உள்ளே ஒன்றும் இல்லை. பழைய உடுப்பை மூடிய சாயத்தின்மேல் ஞானசௌந்தரி கோட்டைத் தவிர எதுவும் வரைந்திருக்கவில்லை. கழுத்திலிருந்து முழங்கால்வரை வெறும் வெள்ளைச் சாயம், குறுக்கே இரண்டு நீலப் பென்சில் கோடு, நடுவில் அவள் கையெழுத்திலேயே "இங்கே கோட்டு" என்ற குறிப்பு.

பெண்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தங்கமாரி ஓடிப்போய் வடைத்தட்டைக் குறுக்கே பிடித்தார், வடைகள் பூபதியின் காலடியில் உருண்டன. "ஐயகோ" என்று ஒட்டியது.

"ஞானக்கா, சீக்கிரம்" என்று கற்பகக்கனி சுவரைப் பார்த்தபடி கத்தினாள். "கோயிலுக்குப் போற நேரம்."

யோசிக்க நேரமில்லை. மைக்கூடு அவள் பையில் இருந்தது, பேனாவை எடுத்தாள், கோட்டு மறைந்துபோயிருந்த பதினோராம் பக்கத்தின்மேல் குனிந்தாள். மூச்சுவிடுகிற நேரத்தில் ஒரு காலர் வந்தது. அரைக்கைச் சட்டை போட்டாள். "கட்டம் போட்டது வேணாம்க்கா, கோடு போட்டது போடுங்க" என்றார் அழகுமலை. "அவன் பேச்சக் கேக்காதீங்க, வெள்ளச் சட்டையே எடுப்பு" என்றார் வடைத்தட்டுக்காரர். அவள் யார் பேச்சையும் கேட்கவில்லை. சட்டைக்கு ஒரு பை, பைக்கு ஒரு பேனா. கரை வைத்த வேட்டி, கரைக்குக் கறுப்பு, மடிப்புக்கு ஒற்றைக் கோடு. கால்களைச் செருப்பில் நிறுத்தினாள். சட்டைக் கையிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு, மணிக்கட்டை அந்தப் பழைய வாழைச்சீப்பில் கொண்டுபோய் இணைத்தபோது, எங்கே தான் முடிந்து எங்கே இருபத்து நான்கு வயதுக்காரி தொடங்குகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தோளில் ஒரு துண்டும் போட்டாள்.

நிமிர்ந்தாள். மை காய்வதற்காக வாயால் ஊதினாள். பூபதியின் வேட்டி ஆடியது.

"திரும்பலாமா?" என்றாள் கற்பகக்கனி.

"திரும்பு" என்றாள் ஞானசௌந்தரி.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நம்ம ஊர் ஆள் மாதிரித்தான் இருந்தது. பூபதி குனிந்து உருண்டு கிடந்த வடைகளை இரண்டு கையாலும் பொறுக்கினார், தூசியை ஊதினார், ஒன்றைத் தானே கடித்தார். பிறகு டம்ளரை வாங்கினார், பாதி சட்டையில் சிந்திற்று, மீதியைக் குடித்தார். கோயில் பக்கம் வேட்டுச்சத்தம் கேட்டது, கூட்டம் கலைந்தது. மழைக்கோட்டை ஞானசௌந்தரி எடுத்து உதறி, வீட்டு மொட்டைமாடியில் வெங்காய வடகம் காயப்போட விரித்தாள். அது பல வருஷம் அதற்கு உதவியது. அந்தப் பங்குனிக்குப் பின் காலண்டர் அச்சகத்தில் அவள் எழுதிக்கொடுத்துவிட்டு நின்றுகொண்டாள், வீட்டில் உட்கார்ந்து பன்னிரண்டாம் பக்கத்தைத் தொடங்கினாள், பாலைக் குடித்தது யார் என்பதை அதிலும் சொல்லவில்லை.

பூபதி அந்த ஆவணியில் நகராட்சித் தண்ணீர்த்தொட்டியில் வால்வு திறக்கும் வேலைக்குத் தினக்கூலியாகச் சேர்ந்தார். பதினோரு வருஷத்துக்குப் பிறகு, போன மாசியில், அவரை நிரந்தரமாக்கினார்கள்.